பனிப்பள்ளத்தில் ஒரு ராஸ்பெரி பை: இணைய இணைப்பு தரும் முறை

கோத்தகிரிப் பக்கத்தில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழுந்தால் தேயிலைக் கொழுந்து கருகிவிடும் என்பதால், விடியற்கால வெப்பநிலையை வீட்டிலிருந்தே பார்ப்பதற்காக, சரிவின் அடியில் உள்ள கொட்டகையில் ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற சிறிய கணினிப் பலகை ஒன்றை வைத்தேன். குளிர்ந்த காற்று கனமானது; அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். எனவே கருவி பள்ளத்தில்தான் இருந்தாக வேண்டும். வைஃபை அலைக்கோ அதைவிட மோசமான இடம் கிடையாது. வெப்பநிலை உணரியைப் பொருத்த அரை மணி நேரம் ஆனது, இணையம் வந்துசேர மூன்று நாள் ஆயிற்று.

அதில் முதல் நாளை வீணாக்கியது ஒரு பழைய வழிமுறை. வைஃபை விவரங்களை ஒரு கோப்பில் எழுதி மெமரி கார்டின் பூட் பகுதியில் (பலகை இயங்கத் தொடங்கும்போது படிக்கும் பகுதி) போடும் அந்த முறை, பலகையின் இயங்குதளமான ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின், 2023 அக்டோபரில் வெளியான புக்வோர்ம் பதிப்பிலிருந்து வேலை செய்வதில்லை. இப்போது பிணையத்தை நிர்வகிப்பது நெட்வொர்க் மேனேஜர் என்ற மென்பொருள். ஆகவே கார்டில் இயங்குதளத்தை எழுதும்போதே, அதற்கான ராஸ்பெரி பை இமேஜர் மென்பொருளின் அமைப்புகளில் வைஃபை பெயர், கடவுச்சொல், பலகையின் பெயர், எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து பலகையை இயக்கும் வழி) அனுமதி ஆகியவற்றைக் கொடுத்துவிடுங்கள். நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம். அங்கே அமெரிக்கா என்று இருந்து, ரவுட்டர் 12 அல்லது 13ஆம் சேனலில் இயங்கினால், அந்த வைஃபை இருப்பதே பலகைக்குத் தெரியாது. மேலும் ஜீரோ 2 டபிள்யூ 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இயக்கத்தில் இருந்தால் எத்தனை முறை கடவுச்சொல்லைத் திருத்தினாலும் பயனில்லை.

பலகையை முதலில் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே வைத்து இணைத்துப் பாருங்கள். அங்கே இணைந்து கொட்டகையில் இணையவில்லை என்றால், கோளாறு அமைப்பில் இல்லை, தூரத்திலும் சுவரிலும்தான் இருக்கிறது. வைஃபை வலிமையைக் காட்டும் செயலி உள்ள கைபேசியைக் கொட்டகைக்கு எடுத்துச் செல்லுங்கள். அலையின் வலிமையை டிபிஎம் என்ற அலகில் அது காட்டும்; மைனஸ் 67 அளவில் இருந்தால் நன்று, மைனஸ் 80க்கும் கீழே இறங்கினால் இணைப்பு அறுந்து அறுந்து வரும். நான் ஈரத்துக்குப் பயந்து பலகையைத் தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். கைபேசியை அந்தப் பெட்டிக்குள் வைத்து மூடியபோதுதான் அலையை விழுங்குவது எது என்று புரிந்தது. பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றி, ரவுட்டரைக் கருங்கல் சுவரின் மறைவிலிருந்து கொட்டகையைப் பார்த்த கண்ணாடி ஜன்னலுக்கு நகர்த்தியதில் காரியம் முடிந்தது.

வீட்டிலிருந்து லேன் கேபிள் இழுத்துவிடலாமே என்று தோன்றும். இந்தப் பலகையில் அதற்கான துளையே இல்லை என்பது ஒருபுறம் இருக்க, திறந்த வெளியில் ஓடும் செம்புக் கம்பி கோடை இடி மின்னலின்போது இரு முனையிலும் உள்ள கருவிகளைப் பலிவாங்கக் கூடும். கம்பிதான் வேண்டுமென்றால் மின்சாரத்தைக் கடத்தாத ஃபைபரை (ஒளியிழைக் கேபிளை) இழுப்பதே பாதுகாப்பு.

மின்சாரத்தையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. 5 வோல்ட், 2.5 ஆம்பியர் தரும் அடாப்டரும் தடித்த, குட்டையான கேபிளும் தேவை. மின்னழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் சுற்று ஜீரோ வகைப் பலகைகளில் இல்லாததால், அது சத்தமில்லாமல் மறுதொடக்கம் ஆகும். நாம் வைஃபையைக் குறைசொல்லிக்கொண்டிருப்போம்.

இணைந்த பின்னும் இணையம் வரவில்லையெனில் மூன்று பிங் (ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போதும். ரவுட்டரின் முகவரி பதில் தராவிட்டால் வைஃபையைப் பாருங்கள். ரவுட்டர் பதில் தந்து, 8.8.8.8 என்ற கூகுளின் இணைய முகவரி தராவிட்டால் பெரும்பாலும் ரவுட்டருக்கு அப்பால்தான் தடை. இரண்டும் பதில் தந்து, ஏதேனும் ஒரு தளத்தின் பெயர் மட்டும் தராவிட்டால் தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பைத் திருத்த வேண்டும்.

மூன்றும் சரியாக இருந்தும் பாதுகாப்பான தளங்கள் சான்றிதழ் பிழை காட்டினால், கடிகாரத்தைப் பாருங்கள். இந்தப் பலகையில் மின்கலத்தில் ஓடும் கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய் வந்தால், கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே அது எண்ணத் தொடங்கும், இணையம் கிடைத்த பிறகுதான் திருத்திக்கொள்ளும். தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்த ஒரு நாளில், பலகை ரவுட்டருக்கு முன்பே எழுந்துவிட, பிற்பகல் 3 மணி வெப்பநிலை காலை 9 மணி என்று பதிவாகியிருந்தது. பனிக்காலத்தில் இப்படி நேரம் பிறழ்ந்தால் அந்தப் பதிவால் எந்தப் பயனும் இல்லை. நாணய மின்கலம் கொண்ட டிஎஸ்3231 கடிகாரத் தொகுதியை பலகையின் ஐ2சி முனைகளில் (சிறு கருவிகளை இணைக்கும் ஊசிகளில்) இணைத்தேன். அந்தக் கடிகாரத்திலிருந்து நேரம் வாசிக்கப்பட்ட பிறகே பதிவு நிரல் தொடங்கும்படியும் அமைத்துவிட்டேன்.