எண்முனைக் காந்தத்தைச் செருகினால் போதுமா?

சுங்கை சிப்புட் பக்கம் நான் வளர்ந்த தோட்டத்தில், லயத்துக்குப் பின்னால் பலாமரக் கிளையில் லாரி டயரைக் கட்டி ஆடுவோம். சின்ன வீச்சில் ஆடும்வரை ஒரே தாளத்தில் தள்ளலாம். அறுபது பாகைக்கு ஏறிவிட்டால் ஒரு வீச்சுக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய 7 விழுக்காடு நீண்டுவிடும். பழைய தாளத்தில் தள்ளுகிறவன் கை வீணாகும்.

துகள்களை வேகமாக ஓடவிடும் முடுக்கி வளையத்தில் ஓடும் துகளும் இப்படித்தான் ஊசலாடிக்கொண்டே போகிறது. நான்முனைக் காந்தங்கள் அதை நடுவழிக்கு இழுக்கின்றன. எல்லாத் துகளுக்கும் ஒரே தாளம் என்றால், துகள்கள் சேர்ந்தோடும் கற்றை மொத்தமாகக் குலுங்கத் தொடங்கி அந்தக் குலுக்கல் வளர்ந்துகொண்டே போகலாம். வீச்சுக்கேற்பத் தாளம் மாறினால் குலுக்கல் கலைந்துபோகும். ஜெனீவா அருகிலுள்ள எல்எச்சி என்ற பெரிய முடுக்கியில் ஒவ்வொரு கற்றைக்கும் 168 எண்முனைக் காந்தங்கள் இதற்கென்றே இருக்கின்றன.

மாலை வகுப்புக்கு வரும் மாணவர்கள் இதைக் கேட்டதும் செய்யும் முதல் தவறு, எண்முனைகளை இஷ்டத்துக்குக் கூட்டுவது. ஓர் எல்லைக்கு மேல் வெளிவட்டத் துகள்கள் ஒழுங்கிழந்து சுவரில் மோதும்.

2010இல் டானிலோவ், நகாய்ட்செவ் என்ற முடுக்கி இயற்பியலாளர்கள் இருவரும் வேறு வழி காட்டினார்கள். காந்தப்புலத்தின் வடிவத்தைச் சரியாகத் தேர்ந்தால், வீச்சுக்கேற்பத் தாளம் மாறும் நேரியலற்ற ஓட்டத்திலும் இரண்டு அளவுகள் மாறாமல் நிற்கும். துகள் கட்டுக்குள் இருக்கும். அமெரிக்காவின் ஃபெர்மிலேப் ஆய்வகத்தில் 40 மீட்டர் சுற்றளவுள்ள ஐயோட்டா வளையம் இதைச் சோதிக்கத்தான் கட்டப்பட்டது. அந்தப் புலத்தைத் தரும் சிறப்புக் காந்தம் 1.8 மீட்டர் நீளம், 18 துண்டுகள்.

பெரும்பாலோர் சறுக்குவது காந்தத்தில் அல்ல, மிச்ச வளையத்தில். காந்தம் உட்காரும் இடத்தில் கற்றையின் அகலத்தைத் தீர்மானிக்கும் பீட்டா என்ற அளவு கிடையாகவும் நெடுக்காகவும் சமமாக இருக்க வேண்டும். வளையத்தின் மற்ற பகுதியில் அலைவின் கட்டம் பை (π), அதாவது அரை அலைவின், முழு மடங்காக நகர வேண்டும். வெறும் எண்முனைகளை வைத்துச் செய்வதானால், அவற்றின் வலிமை பீட்டாவின் கனத்துக்குத் தலைகீழாகக் குறைய வேண்டும். நீளம் முழுக்க ஒரே வலிமை கொடுத்தால் கணக்கு கெட்டது. துகளுக்குத் துகள் ஆற்றல் வேறுபடுவதால் வரும் தாள மாற்றத்தைச் சரிக்கட்ட அறுமுனைக் காந்தங்களை அள்ளிப் போடுவதோ, பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

கணினியில் நடக்கும் தவறுதான் எனக்கு எரிச்சல் தருவது. போன மாதம் ஒரு தம்பி மடிக்கணினியோடு வந்தான்.

“சார், ஆயிரம் சுற்றில் கற்றை தானாகவே சுருங்குகிறது!”

எனக்குச் சிரிப்புதான் வந்தது. காந்தங்கள் மட்டும் இருக்கும் கணக்கில் கற்றை சுருங்க வழியே இல்லை. அவன் போட்டது ரங்கே-குட்டா என்ற வழக்கமான கணிப்பு முறை. துகள்களின் இடத்தையும் உந்தத்தையும் சேர்த்து வரையும் கட்டவெளியின் பரப்பை அது காப்பதில்லை, சொட்டுச் சொட்டாகக் கசியவிடும். பரப்பைக் காக்கும் சிம்ப்ளெக்டிக் முறையைத்தான் எடுக்க வேண்டும். ஆயிரம் சுற்றும் பெரிதல்ல: எல்எச்சியில் புரோட்டான் நொடிக்கு 11,245 முறை சுற்றுகிறது.

முறையை மாற்றி, இலட்சம் சுற்று ஓட்டினோம். சுருக்கம் போய்விட்டது, கட்டவெளிப் படத்தில் புள்ளிகள் மட்டும் மணல் இறைத்தாற்போல் சிதறிக் கிடந்தன. தேடிப் பார்த்தால், மிச்ச வளையத்தில் அலைவு எண்ணிக்கை 0.5 (அரை அலைவு, அதாவது ஒரு பை) இருக்க வேண்டிய இடத்தில் 0.48. திருத்தியதும் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுத்தமான வளைகோடுகள் விழுந்தன. அதற்குள் கீழே ஒட்டுக்கடைக்காரர் கடையை மூடிவிட்டார்.