தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் முதல் திருத்தம்: ஒரு ஒற்றெழுத்தில் தொடங்கலாம்

ஏதோ ஒரு ஊரின் பெயர்க்காரணம் தெரிய வேண்டும், பிள்ளைக்குப் பள்ளியில் கட்டுரைப் போட்டி, ஒரு நடிகர் எந்த ஆண்டு பிறந்தார் என்று வீட்டில் வாக்குவாதம், எதற்காகக் கைபேசியை எடுத்தாலும் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் விக்கிப்பீடியாதான். படிக்கிறோம், மூடிவிடுகிறோம். மேலே 'தொகு' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை அழுத்திப் பார்த்தவர்கள் நம்மில் மிகக் குறைவு. அது யாரோ அதிகாரிகளுக்கு உரியது என்று நானும் பல வருடம் நினைத்திருந்தேன். அப்படி இல்லை, அது உங்களுக்கானது.

ஆங்கில விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் தொடங்கியது, தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில். தொடக்க வருடங்களில் அதைத் தூக்கி நிறுத்தியவர்களில் முக்கியமானவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், கட்டடக் கலைஞர், ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தொடங்கி வைத்தார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் இருக்கின்றன. எழுதியவர்களில் மிகப் பெரும்பாலானோர் கூலிக்கு எழுதவில்லை.

சரி, செய்முறைக்கு வருவோம்.

1. கணக்கும் தட்டச்சும்

கணக்கு இல்லாமலும் திருத்தலாம், ஆனால் ஒன்று தொடங்கிக்கொள்வது நல்லது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போதும். மின்னஞ்சல் கட்டாயம் இல்லை, இருந்தாலும் கொடுத்துவையுங்கள், கடவுச்சொல் மறந்துபோனால் அதுதான் கை கொடுக்கும். நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தோடும் பயனர் பெயர் எல்லோருக்கும் தெரியும், எனவே உண்மைப் பெயர் வேண்டாம் என்றால் புனைபெயர் வைத்துக்கொள்ளுங்கள். கடையின் பெயர், நிறுவனத்தின் பெயர் மட்டும் வேண்டாம்.

கணினியில் தமிழ் எழுத்து வசதி இல்லை என்றால் கவலை வேண்டாம். எழுதும் பெட்டியில் சுட்டியை வைத்ததும் ஓரத்தில் சின்னதாக ஒரு விசைப்பலகைப் படம் வரும், அதைத் திறந்தால் தமிழ்99, எழுத்துப்பெயர்ப்பு (ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் வரும்) என்று முறைகள் இருக்கும். பழகியதைத் தேர்ந்தெடுங்கள்.

2. புதுக் கட்டுரை எழுதாதீர்கள், இப்போதைக்கு

புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். வந்த அன்றைக்கே தன் ஊர்க் கோயிலைப் பற்றியோ தாத்தாவைப் பற்றியோ ஒரு கட்டுரை எழுதிவிட வேண்டும் என்ற ஆசை. அது நல்ல ஆசைதான். ஆனால் முதல் வாரம் ஏற்கெனவே இருக்கும் கட்டுரைகளைத் திருத்துங்கள். அப்போதுதான் இந்த வீட்டின் பழக்கவழக்கம் பிடிபடும்.

உங்களுக்கு நன்கு தெரிந்த ஒன்றைத் திறங்கள். உதாரணத்துக்கு வீராணம் ஏரி என்று வைத்துக்கொள்வோம். படித்துக்கொண்டே வரும்போது 'ஏரிக்கு தண்ணீர் வடவாறு வழியாக வருகிறது' என்று ஒரு வரி. 'ஏரிக்குத் தண்ணீர்' என்று இருக்க வேண்டும், 'த்' விடுபட்டிருக்கிறது. 'தொகு' அழுத்துங்கள், அந்த ஒற்றெழுத்தைச் சேருங்கள். பதிப்பிப்பதற்கு முன் 'சுருக்கம்' என்று ஒரு சின்னப் பெட்டி வரும், அதில் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்: 'சந்திப்பிழை திருத்தம்'. அவ்வளவுதான், பதிப்பித்துவிடுங்கள்.

இப்போது 'வரலாறு' பக்கத்தைத் திறந்து பாருங்கள். கட்டுரை தொடங்கிய நாளிலிருந்து யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்பது வரிசையாக இருக்கும், அதன் உச்சியில் உங்கள் பெயர். நான் முதன்முதலாக அந்த வரியைப் பார்த்தபோது இரண்டு நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வரலாறு இருப்பதால்தான் தைரியமாகத் திருத்தச் சொல்கிறேன், பழைய வடிவங்கள் எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கின்றன, நீங்கள் தவறிச் செய்த எதையும் மீட்டுவிடலாம்.

3. சான்று

இதில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

சில மாதம் பழகிய பிறகு நானும் எங்கள் ஊர்க் கோயிலைப் பற்றி எழுதினேன். தலவரலாற்றுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்து வரிக்கு வரி தட்டச்சு செய்து பதிப்பித்தேன். மறுநாள் கட்டுரை நீக்கப்பட்டிருந்தது. மனசு உடைந்துவிட்டது. என் பேச்சுப் பக்கத்தில், அதாவது மற்றவர்கள் எனக்குச் செய்தி விட்டுப்போகும் பக்கத்தில், ஒரு பயனர் பொறுமையாக எழுதியிருந்தார்: அச்சில் வந்த நூலை அப்படியே எடுத்துப் போட்டால் அது பதிப்புரிமை மீறல், படித்துவிட்டு உங்கள் சொற்களில் எழுதுங்கள், மூலத்தைக் குறிப்பிடுங்கள், தலவரலாறு தவிர வேறு சான்றும் தேடுங்கள். அவர் சொன்ன மூன்றும் சரி.

ஆக, எந்தத் தகவலைச் சேர்த்தாலும் முன்பின் தெரியாத ஒருவர் அதைச் சரிபார்க்க முடிய வேண்டும். 'எனக்குத் தெரியும்', 'ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள்' என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம், ஆனாலும் அங்கே செல்லாது. நாளிதழ், பதிப்பகம் வெளியிட்ட நூல், ஆய்விதழ், அரசு ஆவணம், இவை செல்லும். ஊர்களைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இருக்கிறது, மக்கள்தொகையைச் சொல்லும்போது அது எந்த ஆண்டின் கணக்கு என்பதையும் கூடவே எழுதுங்கள். கோயில் என்றால் தொல்லியல் துறை வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதிகள். பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் தளம். இரண்டுமே இலவசம், இரண்டுமே பொக்கிஷம்.

சான்றைச் சேர்ப்பது எளிது. வாக்கியத்தின் முடிவில் சுட்டியை வைத்து 'மேற்கோள்' பொத்தானை அழுத்துங்கள், இணைய முகவரி இருந்தால் ஒட்டுங்கள், நூல் என்றால் ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்க எண் கொடுங்கள். பக்க எண்ணை விட்டுவிடாதீர்கள், நானூறு பக்க நூலில் அந்த ஒரு வரியை இன்னொருவர் எங்கே போய்த் தேடுவார்?

4. நடை

'மனதை மயக்கும், உலகப் புகழ்பெற்ற, பிரம்மாண்டமான வீராணம் ஏரி' என்று தொடங்கினால் யாராவது வந்து அந்த அடைமொழிகளை நீக்குவார்கள். அதையே இப்படி எழுதலாம்: 'வீராணம் ஏரி கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயிலுக்கு அருகே உள்ளது. 10ஆம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் அமைக்கப்பட்டது. சென்னைக்கு இங்கிருந்து குடிநீர் செல்கிறது.' இதில் புகழ்ச்சி ஒரு சொல் கூட இல்லை, ஆனால் ஆயிரம் வருடப் பழைய ஏரி ஒன்று தொலைவிலிருக்கும் மாநகருக்குத் தண்ணீர் தருகிறது என்பதைப் படிக்கிறவர் தாமாகவே வியந்துகொள்வார்.

இன்னொன்று. இலங்கை, தமிழ்நாடு, மலேசியா, சிங்கப்பூர், கனடா என்று பல நாட்டுத் தமிழர் ஒரே கட்டுரையில் கை வைக்கிறார்கள். ஒருவர் 'டொராண்டோ' என்பார், இன்னொருவர் 'ரொறன்ரோ' என்பார். இரண்டுமே பிழை இல்லை. நம் காதுக்குப் பழகாத எழுத்துமுறையைப் பிழை என்று நினைத்துத் திருத்தக் கூடாது. எந்தப் பெயரில் தேடினாலும் ஒரே கட்டுரைக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காகத்தான் 'வழிமாற்று' என்ற ஏற்பாடு இருக்கிறது.

5. மணல்தொட்டி

இப்போது புதுக் கட்டுரைக்கு வரலாம். உங்கள் பெயருக்குக் கீழே 'மணல்தொட்டி' என்று ஒரு பக்கம் கிடைக்கும். குழந்தைகள் மணலில் வீடு கட்டிக் கலைத்து விளையாடுவதுபோல அங்கே எழுதிப் பழகலாம். முதலில் அதே தலைப்பு வேறு எழுத்துக்கூட்டலில் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு எழுதுங்கள். சில குறியீடுகள் மட்டும் தெரிந்தால் போதும்:

== வரலாறு == என்று எழுதினால் அது துணைத்தலைப்பு.
[[கடலூர் மாவட்டம்]] என்று எழுதினால் அந்தக் கட்டுரைக்கு இணைப்பு. சிவப்பாகத் தெரிந்தால் அப்படி ஒரு கட்டுரை இன்னும் இல்லை, யாராவது எழுதக் காத்திருக்கிறது என்று பொருள்.
[[பகுப்பு:தமிழ்நாட்டில் உள்ள ஏரிகள்]] என்பது போலக் கடைசியில் ஒரு வரி, கட்டுரை எந்த வகை என்று சொல்ல. ஒத்த கட்டுரை ஒன்றைத் திறந்து அதில் என்ன பகுப்பு இருக்கிறது என்று பார்த்து அதையே எழுதுங்கள்.

பத்து வரி இருந்தாலும் சான்றோடு இருந்தால் நல்ல கட்டுரைதான். உங்களைப் பற்றியோ, குடும்பத்தாரைப் பற்றியோ, சொந்தத் தொழிலைப் பற்றியோ எழுத வேண்டாம், நடுநிலையாக எழுதுவது யாருக்கும் முடியாது. இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டவும் வேண்டாம், படிக்கிறவருக்கு அது தலைவலி, திருத்துகிறவருக்கு இரட்டை வேலை. படம் வேண்டுமா, நீங்களே எடுத்ததை விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்துவைக்கும் தளமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள். இணையத்தில் கண்டெடுத்தது கூடாது.

6. யாராவது மாற்றிவிட்டால்

மாற்றுவார்கள். கோபப்பட்டு உடனே பழையபடி ஆக்காதீர்கள். கட்டுரையின் 'உரையாடல்' பக்கத்துக்குப் போய், ஏன் மாற்றினீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள், கடைசியில் ~~~~ என்று நான்கு அலைக்குறி இட்டால் உங்கள் பெயரும் நேரமும் தானாக விழும். பொதுவான சந்தேகம் என்றால் 'ஒத்தாசைப் பக்கம்' இருக்கிறது, எல்லோரும் கூடிப் பேசும் இடத்துக்கு 'ஆலமரத்தடி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

என் கோயில் கட்டுரையை இரண்டாம் முறை மணல்தொட்டியில் எழுதினேன். பதினோரு வரி, நான்கு சான்று. பதிப்பித்துவிட்டு, மேலே இருக்கும் நட்சத்திரத்தை அழுத்திக் கவனிப்புப் பட்டியலில் சேர்த்தேன். நீங்களும் மறக்காமல் அழுத்துங்கள், யார் தொட்டாலும் அந்தப் பட்டியலில் தெரியும். இரண்டு நாள் கழித்துத் திறந்து பார்த்தால், முன்பின் தெரியாத ஒருவர் பகுப்பைச் சரிசெய்திருந்தார், இன்னொருவர் நான் விட்டிருந்த ஒரு 'க்' சேர்த்திருந்தார். சுருக்கப் பெட்டியில் 'சந்திப்பிழை திருத்தம்' என்று இருந்தது.