பொடோசி சுரங்கத்துக்குள்ள போகணுமா? முதல் தடவை போறவங்களுக்கு

பொலிவியால பொடோசின்னு ஒரு ஊர், அது பக்கத்துலயே செர்ரோ ரிக்கோ மலை. 1545ல வெள்ளி இருக்குன்னு கண்டுபிடிச்சதுல இருந்து தோண்டிட்டே இருக்காங்க, இப்பவும் ஆயிரக்கணக்கான பேர் உள்ள வேலை பாக்குறாங்க. லைட் போட்டு, படிக்கட்டு கட்டி வச்சிருப்பாங்கன்னு நினைச்சு போயிடாதீங்க, நீங்க நுழையறது அடுத்தவங்க வேலை செய்ற இடம்.

முதல்ல உடம்பு. ஊரே 4,000 மீட்டருக்கு மேல இருக்கு, நான் பையோட ரெண்டு மாடி ஏறுறதுக்குள்ள நாக்கு தள்ளிருச்சு. அதனால போன அன்னிக்கே கிளம்பாம ரெண்டு நாள் சும்மா ஊரைச் சுத்துங்க. ஆஸ்துமா, ஹார்ட் பிரச்சனை, மூடின இடம்னா பயம், இதுல எது இருந்தாலும் வேணாம், வெளிய இருந்தே மலையைப் பாத்துட்டு வந்துருங்க.

அடுத்து கைடு. தனியா போகவே கூடாது. சுரங்கத்துல வேலை பாத்தவங்களே கைடா இருக்காங்க, அப்படி ஆளா கேட்டுப் புடிங்க, ஏன்னா எந்தப் பக்கம் வெடி வைக்கப் போறாங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும். ஞாயித்துக்கிழமை வேணாம், பெரும்பாலும் வேலை இருக்காது. பூட்ஸ், ஹெல்மெட், தலை லைட்டு எல்லாம் அவங்களே தருவாங்க, லைட்டை மட்டும் அங்கயே ஒருதரம் போட்டுப் பாத்துக்கோங்க. மாஸ்க் நல்லதா நீங்களே கொண்டு போங்க, உள்ள இருக்கிற தூசியாலதான் அங்க நிறைய பேருக்கு சிலிகோசிஸ் வந்து நுரையீரல் போகுது.

போற வழியில சுரங்கக்காரங்க மார்க்கெட்ல நிப்பாட்டுவாங்க. கொக்கா இலை (அவங்க வாயில ஒதுக்கிக்கிற இலை), சோடா, சிகரெட் எல்லாம் வாங்கிக்கோங்க, உள்ள பாக்குறவங்களுக்கு குடுக்க. டைனமைட் கூட கடையில சோப்பு மாதிரி அடுக்கி வச்சிருக்கான், யார் வேணா வாங்கலாம்! கொக்காவை காம்பு கிள்ளிட்டு கன்னத்துல ஒதுக்கிக்கணும், வெத்தலைக்கு சுண்ணாம்பு மாதிரி இதுக்கு ஒரு சாம்பல் கட்டி சேத்துக்குறாங்க. பசி தெரியாதாம், சாறு தீந்துட்டா பிரேக் எடுக்குற நேரம்னு கணக்கு.

உள்ள போனதும் கொஞ்ச தூரம் நிமிந்து நடக்கலாம், அப்புறம் குனிஞ்சே தான், மேல இருக்கிற கட்டையில ஹெல்மெட் டங்கு டங்குன்னு இடிக்கும். வாசல்ல குளிருச்சுன்னு போட்ட ஸ்வெட்டரை ஆழத்துல போகப் போக புழுங்கி கழட்டிருவீங்க. முக்கியமா ஒண்ணு, கைடு கத்துனா கேள்வி கேக்காம சுவத்தோட ஒட்டிக்கோங்க. ஒரு டன்னுக்கு மேல கல்லு ஏத்தின தள்ளுவண்டி தண்டவாளத்துல வரும், ரெண்டு மூணு பேர் தள்ளிட்டு ஓடி வருவாங்க, அதை சட்டுன்னு நிறுத்தல்லாம் முடியாது. அந்த நேரத்துல போட்டோ எடுக்க நடுவுல நிக்கிற டூரிஸ்ட்டைப் பாத்தா எனக்கே கோவம் வந்துச்சு.

நடுவுல ஒரு பொந்துல எல் தியோ உக்காந்திருப்பாரு, கொம்பு வச்ச களிமண் சிலை, வாயில சிகரெட்டு. தியோன்னா ஸ்பானிஷ்ல மாமா. மலைக்கு வெளிய கர்த்தர், மலைக்குள்ள இவர்னு நம்பிக்கை. கொக்கா தூவி, 96 சதவீத சாராயத்தை கொஞ்சம் தரையில ஊத்திட்டு மிச்சத்தை சுரங்கக்காரங்க குடிப்பாங்க. உங்ககிட்ட நீட்டுனா உதட்டுல வச்சாலே போதும், தொண்டை எரியும்.

வெளிய வந்ததும் மிச்சம் இருக்கிற கொக்காவை அங்கயே யாருக்காவது குடுத்துருங்க. நினைவா இருக்கட்டும்னு ஒரு இலை கூட பையில வைக்காதீங்க, நம்ம ஊர் சட்டப்படி அது போதைப்பொருள், ஏர்போர்ட்ல மாட்டுவீங்க.