கார்ல ஸ்பார்க் பிளக் நீங்களே மாத்துறீங்களா? மரைய பத்திரமா பாத்துக்கோங்க

பிளக் மாத்துறது பெரிய வேலை இல்லங்க, ஆனா தப்பா மாட்டினா போறது பிளக் இல்ல, சிலிண்டர் ஹெட்ல (இன்ஜினோட மேல்பகுதி) இருக்கிற மரை, அதுதான் பெரிய செலவு. இப்ப வர்ற வண்டில ஹெட் பெரும்பாலும் அலுமினியம், பிளக் மரை ஸ்டீல், கோணலா ஏறுச்சுன்னா ஹெட்தான் அறுபடும்.

அதனால முதல்ல இன்ஜின் முழுசா ஆறட்டும், அவசரமே வேண்டாம், சூட்டோட கழட்டினா மரையும் சேந்து உரிஞ்சு வந்துடலாம். பேட்டரி நெகட்டிவ் கழட்டிடுங்க. பிளக்குக்கு கரண்ட் குடுக்கிறது காயிலோ வயரோ, ஒரு சிலிண்டர் முடிச்சிட்டுதான் அடுத்தது, வயர் மாறினா இன்ஜின் உதறும். பிளக் குழிக்குள்ள இருக்கிற தூசிய காத்தடிச்சு எடுத்துட்டு (கண்ணுக்கு கண்ணாடி போட்டுக்கோங்க) அப்புறம்தான் பிளக்க கழட்டணும், இல்லன்னா அந்த மண்ணு நேரா சிலிண்டருக்குள்ள போயிடும்.

புது பிளக் மேனுவல்ல போட்டிருக்கிற நம்பர்தானான்னு பாருங்க, கேப்பும் (பிளக் முனைல இருக்கிற இடைவெளி) செக் பண்ணுங்க, இரிடியம் பிளக்குன்னா நடு முனைல அளக்கிற கேஜ் படவே கூடாது. கீழ விழுந்த பிளக் வேண்டவே வேண்டாம், பீங்கான்ல விரிசல் இருந்தா வெளிய தெரியாது.

இப்ப முக்கியமான விஷயம், ராட்செட்ட (சாக்கெட்ட சுத்துற கைப்பிடி) தூக்கி ஓரமா வைங்க. சாக்கெட், எக்ஸ்டென்ஷன் மட்டும் வச்சு விரலாலயே சுத்துங்க, முதல்ல இடது பக்கம் மெதுவா திருப்பினா மரை ஒரு இடத்துல டக்குனு உக்காரும், அங்கருந்து வலது பக்கம். நாலஞ்சு சுத்து சுலபமா போகணும், ஆரம்பத்துலயே இறுகுச்சுன்னா பலம் காட்டாதீங்க, எடுத்துட்டு திரும்ப வைங்க.

கடைசி டைட்டுக்கு டார்க் ரெஞ்ச்தான் (அளவு வச்சு இறுக்குற ஸ்பேனர்) நல்லது. மேனுவல்ல இருக்கிற அளவுதான் முதல், பொதுவா அலுமினியம் ஹெட்ல வாஷர் வச்ச 14 மிமீ மரை பிளக்குன்னா 25-30 நியூட்டன் மீட்டர், 12 மிமீன்னா 15-20. ரெஞ்ச் இல்லன்னா, கையால இறுகின பிறகு புது வாஷருக்கு அரை சுத்து, கொஞ்சம் கூடுதலாவும் போகலாம், அவ்வளவுதான். வாஷர் இல்லாத சரிவு சீட் பிளக்குக்கு 1/16 சுத்து போதும். முலாம் பூசின பிளக் மரைல கிரீஸ் தடவாதீங்க, வழுக்கி தேவைக்கு மேல இறுகிடும்.

காயில் மாட்டி, கனெக்டர் கிளிக்னு உக்காந்துச்சான்னு பாத்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, மிஸ்ஸிங் இருந்தா (இன்ஜின் சீரா ஓடாம உதறினா) உடனே ஆஃப் பண்ணிட்டு கனெக்டரத்தான் முதல்ல பாக்கணும்.