சீட்டு ஒரு தாளில், மூட்டைகள் மறு தாளில்
கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலைக் கொள்முதலை ஆப்ஷீட்டில் (நிரல் எழுதாமலே செயலி அமைக்க உதவும் கூகுள் கருவி) பதிவோர், ஒரு சீட்டுக்குரிய பல மூட்டைகளின் எடைகளை ஒரே கட்டத்தில் அடைத்தால், பின்னர் கூட்டிப் பார்ப்பது பெரும்பாடு. கூகுள் ஷீட்ஸில் ‘சீட்டு’, ‘மூட்டை’ என இரண்டு தாள்களை அமைத்து, ஆப்ஷீட்டில் இரண்டுக்கும் சாவி (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பு) நெடுவரிசையின் தொடக்க மதிப்பாக, வரிக்கு வரி தனிக் குறியீட்டை உருவாக்கும் யுனிக்ஐடி சூத்திரத்தை இடுங்கள். வரிசை எண்ணைச் சாவியாக்கவே வேண்டாம். இடையில் ஒரு வரியை நீக்கினாலும் தொடர்பு குலைந்துவிடும். யுனிக்ஐடி என்றால், சிக்னல் இல்லாத சரிவுகளில் இருவர் தனித்தனிக் கைபேசிகளில் பதிந்தாலும் சாவிகள் மோதுவதில்லை. மூட்டைத் தாளில் சீட்டின் சாவியைத் தாங்கும் நெடுவரிசையை ‘ரெஃப்’ (மற்றொரு தாளின் வரியைச் சுட்டும்) வகையாக்கி, ‘இஸ் எ பார்ட் ஆஃப்’ தெரிவை இயக்கினால், சீட்டுப் படிவத்திற்குள்ளேயே மூட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். சேமித்ததும் அவை தத்தம் தாளில் பதிவாகும். ஆனால், சீட்டை நீக்கினால் அதன் மூட்டைகளும் உடன் நீங்கிவிடும் என்பதை எடை போடுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.