ஐடிலில் வண்டி ஆடுதா? சென்சாரை மாற்றும் முன் ஹோஸைப் பாருங்கள்

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலி ஊருக்குள் வரும். வைக்கோல் போர் ஓரம் நிற்கும் காரின் பானெட்டுக்குள் கதகதப்புக்கு ஏறி, வாய்க்கு எட்டிய ரப்பரை, குறிப்பாக என்ஜினின் உறிஞ்சலைக் கடத்தும் வேக்குவம் ஹோஸைக் கொறித்துவிடும். அந்த ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். காலையில் ஸ்டார்ட் செய்தால், ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஐடில் நிலையிலேயே ரேஸ் தானாக ஏறி இறங்கும், லெவல் கிராசிங்கில் நின்றால் வண்டி அணையும், செக் என்ஜின் விளக்கும் எரியும். எலி தொடாத வண்டியிலும் பத்து வருட ரப்பர் சூட்டில் வெடிக்கும். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் கிளிப் துருப்பிடித்துப் பிடி தளரும்.

இங்கே நடக்கும் முதல் தவறு, ஸ்கேனரில் பி0171 என்ற பிழைக் குறியீடு வந்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவது. அந்தக் குறியீடு சொல்வது கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பதைத்தான். சென்சார் சேதி கொண்டுவந்த தபால்காரர். அவரை மாற்றி என்ன பயன்?

குறியீட்டைவிட ஃபியூயல் ட்ரிம்மை, அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டுகிறது என்பதைப் பாருங்கள். என்ஜின் சூடானபின் ஐடிலில் ட்ரிம் கூட்டல் பத்துக்கு மேல் நின்று, 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் சுழியத்தை நோக்கி இறங்கினால், காற்றுக் கசிவுதான் முதல் சந்தேகம். ஐடிலில் த்ராட்டில், அதாவது காற்று வழியைத் திறந்து மூடும் தகடு, கிட்டத்தட்ட மூடியிருக்கும். காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டு பலமாக உறிஞ்சும். சின்ன ஓட்டை வழியாக வரும் காற்றும் மொத்தத்தில் பெரிய பங்கு. ரேஸ் கொடுத்தால் அந்தப் பங்கு சுருங்கிவிடும். மாறாக, ரேஸ் கூடக் கூட ட்ரிம்மும் கூடினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் போங்கள்.

உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சாருக்குப் பதில், மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மாப் சென்சார் மட்டும் உள்ள சிறிய கார்களில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. கசிவால் மேனிஃபோல்டு அழுத்தம் கூடும், கம்ப்யூட்டர் அதற்கேற்பப் பெட்ரோலையும் கூட்டிவிடும். ட்ரிம் நல்லபிள்ளையாக இருக்க, ஐடில் மட்டும் 800-இல் நிற்காமல் 1,200 வரை ஏறி நிற்கும். 'ட்ரிம் சரி, கசிவு இல்லை' என்று பானெட்டை மூடிவிட வேண்டாம். உறிஞ்சலை அளக்கும் வேக்குவம் கேஜ் மாட்டினால் நல்ல என்ஜின் ஐடிலில் 17 முதல் 22 பாதரச அங்குலம் வரை ஆடாமல் காட்டும். காவிரி டெல்டா கடல் மட்டத்தை ஒட்டிய பூமி என்பதால் இந்த அளவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கொடைக்கானலில் அதே வண்டி ஆறேழு அங்குலம் குறைத்துத்தான் காட்டும்.

தேடும்போது கண்ணை மட்டும் நம்புவது அடுத்த தவறு. வெடிப்பு பெரும்பாலும் ஹோஸ் வளையும் முழங்கையில், அடிப்பக்கமாக இருக்கும். நேராகப் பார்த்தால் கறுப்பு ரப்பர், அவ்வளவுதான். விரலால் மெதுவாக மடக்கினால் நகக்கீறல் போலிருந்த கோடு வாய் திறக்கும். மேனிஃபோல்டின் பின்பக்கத்தை டார்ச்சும் சிறிய கண்ணாடியும் வைத்துப் பாருங்கள். எலிப்பல் அடையாளம் இரட்டைக் கீறலாகத் தெரியும். பிசிவி ஹோஸ் (என்ஜினுக்குள் சேரும் எண்ணெய் ஆவியை மேனிஃபோல்டுக்கு இழுப்பது), எண்ணெய் மூடியின் ரப்பர், டிப்ஸ்டிக் வளையம், பர்ஜ் வால்வு (பெட்ரோல் டேங்க் ஆவியை உள்ளே விடுவது) ஆகியவற்றையும் விடாதீர்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க, கார்ப்பரேட்டர் கழுவும் கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயைச் சுடும் என்ஜின் முழுக்க அடிப்பது ஆபத்து. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பட்டால் தீப்பிடிக்கும். ஊதுபத்தி, பீடிப் புகை, சமையல் கேஸ் குழாய் ஆகிய வைத்தியங்களும் வேண்டாம். என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே தொடங்குங்கள். சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்ளும் கேஸ்கெட் கசிவு அப்போதுதான் பிடிபடும். செடிக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்ப்ரேயர் போதும். இக்னிஷன் காயில், ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர் வாய் பக்கம் போகாமல் ஒரு மூட்டுக்கு ஒரு பீச்சு, மூன்று விநாடி காத்திருப்பு. ஐடில் மாறும் இடம்தான் ஓட்டை. அப்படியும் சிக்காவிட்டால் புகையைச் செலுத்திக் கசிவைக் காட்டும் மெஷின் உள்ள பட்டறைக்குப் போகலாம். அதிலும் அழுத்தம் 1 பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரை நேரே செருகினால் நல்ல சீலும் பிய்ந்துவிடும்.

சரிசெய்வதில்தான் அதிகம் சொதப்புகிறார்கள். இன்சுலேஷன் டேப்பின் பசை எண்ணெய் ஆவியில் கரையும். சைக்கிள் டியூப்பும் மீன்தொட்டிக் குழாயும் உறிஞ்சலில் சப்பிப் போகும். சாதாரண சிலிகான் பேஸ்டின் ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கெடுக்கும். கெடாத சென்சாரை நாமே கெடுத்த கதையாகிவிடும். பழைய துண்டை எடுத்துப்போய் உள்விட்டத்தை அளந்து, அதே அளவில் வேக்குவம் ஹோஸ் வாங்குங்கள். மேனிஃபோல்டு கேஸ்கெட் மாற்றினால் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று சுற்றாக, முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். பிளாஸ்டிக் மேனிஃபோல்டு அதிக முறுக்கில் விரிசல் விடும். பழைய கார்ப்பரேட்டர் வண்டிகளில் ஐடில் ஸ்க்ரூவைத் திருகி ஆட்டத்தை மறைப்பது நெடுநாள் பழக்கம். ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

உறிஞ்சலின் பலத்தில் பிரேக் மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டரின் ஹோஸில் கைவைத்திய ஒட்டே கூடாது. என்ஜினை அணைத்து, பெடலை ஐந்து முறை மிதித்து, அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். கல்லாக நின்றால் வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள். டீசல் காரில் பூஸ்டருக்குத் தனி வேக்குவம் பம்ப் உண்டு. அங்கே கசிந்தால் ஐடில் ஆடாது, பெடல்தான் இறுகும்.

வேலை முடிந்ததும் ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை அழித்து, முப்பது கிலோமீட்டராவது ஓட்டி, நீண்டகால ட்ரிம் ஐந்துக்குள் வந்ததா என்று பாருங்கள். எட்டு, ஒன்பதிலேயே நின்றால் இன்னொரு ஓட்டை மிச்சம் இருக்கலாம். எலி ஒரே இடத்தில் கடித்துவிட்டுப் போவது அபூர்வம்.