கறுத்த செம்பும் லேசரும்: என் அனுபவம்

திருவொற்றியூரில் எங்கள் பட்டறை கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 1 மில்லிமீட்டர் செம்புப் பட்டைகளை ஃபைபர் லேசரால் பற்றவைக்கிறோம். சென்ற ஐப்பசியில், அதே திறன், அதே வேகம். ஆனால் ஒரு பட்டை ஓட்டையானது, அடுத்தது உருகவே இல்லை. இரண்டு நாள் லென்ஸைத் துடைத்தும் வாயு அழுத்தத்தைச் சரிபார்த்தும் பயனில்லை.

மூன்றாம் நாள் ஓட்டையான பட்டைகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஜன்னலோரம் கிடந்தவை அவை. பழுப்பேறியிருந்தன, ஒன்றில் விரல் ரேகைகூடக் கறுத்துப் பதிந்திருந்தது.

செம்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டான அந்த மெல்லிய ஆக்சைடு படலம்தான் காரணம். எங்கள் லேசரின் 1.07 மைக்ரான் அலைநீள ஒளியில் பளபளக்கும் செம்பு 5 சதவீதத்தைக்கூட உள்வாங்காது. மீதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆக்சைடு ஏறிய இடமோ பல மடங்கு விழுங்கும். சூடேற ஏறக் காற்றில் படலம் தடிக்கும். தடித்தால் இன்னும் வேகமாகச் சூடு பிடிக்கும்.

“அப்படியானால் எல்லாவற்றையும் கறுக்க விட்டால் என்ன அண்ணே?” என்று உடன் வேலை செய்யும் தம்பி கேட்டான். அருமையான கேள்வி. ஆனால் படலம் எங்கும் ஒரே தடிமனில் படியாது. உருகிய செம்பில் ஆக்சைடு கலந்தால் பற்றவைத்த இணைப்பும் வலுவிழந்துவிடும்.

இப்போது உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, கையுறையுடன் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் பற்றவைக்கிறோம். பளபளக்கும் பரப்புக்கு ஏற்பத் திறனைக் கூட்டினேன். திரும்பும் ஒளி கண்ணைப் பறித்துவிடும். லேசர் கண்ணாடி அணியாத யாரையும் அருகில் விடுவதில்லை. மிச்சப் பட்டைகள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில், ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் இருக்கின்றன.